சக்கரம் நின்றால் வருமானமும் நிற்கும்: நோயைச் சுமந்து நெடுஞ்சாலையில் ஓடும் லாரி ஓட்டுநர்கள்

புதுடெல்லி: டெல்லியிலிருந்து ஜார்க்கண்ட் மாநிலத்தின் நிமியாகாட் நோக்கிப் புறப்பட்ட லாரி ஒன்று, 2002-ஆம் ஆண்டில், சாலையோர உணவகம் ஒன்றின் அருகே நிறுத்தப்பட்டது. ஓட்டுநருக்கு வயது 45. உடல் ஏதோ போல் இருப்பதாக உணர்ந்த அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு மயங்கிச் சாய்ந்தார். அருகில் இருந்தவர்கள் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றனர். வரும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டதாக மருத்துவர்கள் தெரிவித்தனர்.

வண்டி எதன் மீதும் மோதவில்லை. சாலையில் வேறு எவருக்கும் காயம் இல்லை. மயக்கம் வருமுன் வாகனத்தைப் பாதுகாப்பாக நிறுத்தியதே அவர் செய்த கடைசி வேலை. ஆனால் அந்தப் பொறுப்புணர்வே அவருடைய குடும்பத்தின் வழக்கில் சிக்கலாகவும் அமைந்தது. விபத்து நடக்கவில்லை என்றால் இழப்பீடு எதற்கு என்ற கேள்வி எழுந்தது.

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி, வேலையின் காரணமாகவும் வேலை நேரத்திலும் நேர்ந்த விபத்தால் ஏற்படும் காயத்துக்கும் மரணத்துக்குமே முதலாளி பொறுப்பு. மாரடைப்பு போன்ற இயற்கையான மரணம் இந்த வரையறைக்குள் வருமா என்பதே வழக்கின் மையம். ஆணையர் வழங்கிய இழப்பீட்டை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டி, 2012 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி எஃப்.எம். இப்ராஹிம் கலிஃபுல்லாவும் நீதிபதி டி.எஸ். தாக்கூரும் அடங்கிய அமர்வு, டெல்லியிலிருந்து சுமார் 1,152 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊருக்குக் கனரக வாகனம் ஓட்டிச் செல்வது உடலுக்கும் மனத்துக்கும் மிகுந்த அழுத்தம் தரும் வேலை என்றும், அந்த அழுத்தம் மரணத்தை விரைவுபடுத்தியிருக்க வேண்டும் என்றும் கருதியது. இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

மரணத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே 10 ஆண்டுகள் கடந்திருந்தன.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, லாரி உதவியாளர் ஒருவர் மாரடைப்பால் இறந்த வேறொரு வழக்கில், வேலைப் பளுவுக்கும் மரணத்துக்கும் உள்ள தொடர்பு சான்றுகளால் நிறுவப்படவில்லை என்று கூறி அதே உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை மறுத்திருந்தது. இரு தீர்ப்புகளும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு வழக்கும் அதனதன் சான்றுகளின் அடிப்படையில் முடிவு செய்யப்படுகிறது. ஆனால் சான்றுகளைத் திரட்ட வேண்டிய பொறுப்பு, கணவனையோ மகனையோ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பறிகொடுத்த குடும்பத்தின் மீதே விழுகிறது. எத்தனை மணி நேரம் ஓட்டினார், எங்கே உறங்கினார், எப்போது உண்டார் என்பதற்கெல்லாம் ஏட்டில் பதிவு ஏது?

பாதிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு

நாட்டின் உள்நாட்டுச் சரக்கில் சுமார் 70 சதவீதம் சாலை வழியே செல்கிறது. சாலைகளில் ஓடும் லாரிகளின் எண்ணிக்கை சுமார் 40 லட்சம் என்று நிதி ஆயோக் 2022-இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. இவற்றை ஓட்டுபவர்களின் உடல்நலம் குறித்து நாடு தழுவிய தரவுகள் நெடுங்காலம் மிகக் குறைவாகவே இருந்தன. அண்மை ஆண்டுகளில் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் அந்தக் குறையை ஓரளவு போக்கின.

ஃபோர்சைட் அறக்கட்டளை, ஐஐடி டெல்லியுடன் இணைந்து சுமார் 50,000 ஓட்டுநர்களிடம் நடத்திய பரிசோதனையின் முடிவுகளை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2025 ஜனவரியில் வெளியிட்டார். பரிசோதிக்கப்பட்டவர்களில் 55.1 சதவீதத்தினருக்குப் பார்வைக் குறைபாடு இருந்தது. 53.3 சதவீதத்தினருக்குத் தூரப்பார்வைக்கும், 46.7 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வைக்கும் கண்ணாடி தேவைப்பட்டது. 57.4 சதவீதத்தினருக்கு இரத்த அழுத்தம் இயல்பைவிட அதிகமாக இருந்தது. 18.4 சதவீதத்தினருக்கு இரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டிலோ அதற்கு மேலோ இருந்தது. 44.3 சதவீதத்தினரின் உடல் எடை உயரத்துக்கு ஏற்ற அளவைத் தாண்டியோ தாண்டும் நிலையிலோ இருந்தது.

ஒரே ஒரு முறை அளவிடப்பட்ட இரத்த அழுத்தத்தைக் கொண்டு ஒருவரை நோயாளி என்று முத்திரை குத்த முடியாது. பத்து மணி நேரம் வண்டி ஓட்டிவிட்டு முகாம் நாற்காலியில் அமர்பவரின் அழுத்தம் சற்றுக் கூடுதலாகவே காட்டும். ஆயினும், பாதிக்கு மேற்பட்டோரின் அளவு ஒரு துறை முழுவதும் உயர்ந்திருக்கிறது என்றால், அதைத் தனிமனிதர்களின் உணவுப் பழக்கம் என்று சொல்லித் தள்ளிவிடவும் முடியாது.

சேவ்லைஃப் அறக்கட்டளை மஹிந்திரா நிறுவனத்தின் ஆதரவுடன் 10 நகரங்களில் ஓட்டுநர்களைச் சந்தித்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த நோய்களின் பின்னணியைக் காட்டுகிறது. ஓர் ஓட்டுநர் நாளொன்றுக்குச் சராசரியாக 12 மணி நேரம் வண்டி ஓட்டுகிறார். களைப்போ தூக்கமோ வந்த பின்பும் ஓட்டுவதாக ஏறத்தாழப் பாதிப் பேர் ஒப்புக்கொண்டனர். வருங்கால வைப்புநிதி, காப்பீடு, ஓய்வூதியம் போன்ற எந்தச் சமூகப் பாதுகாப்பும் இல்லை என்று 93 சதவீதத்தினர் கூறினர். தம் குடும்பத்தினருக்கோ உறவினருக்கோ இந்தத் தொழிலைப் பரிந்துரைக்க மாட்டோம் என்றவர்கள் 84 சதவீதம்.

மாத்திரையை எந்த ஊரில் வாங்குவது?

நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் கட்டுப்படுத்தக்கூடிய நோய்கள். மருந்துகள் விலை மலிவானவை. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவும் கிடைக்கின்றன. 2017-இல் தொடங்கப்பட்ட இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சி, நோயாளியின் வீட்டுக்கு அருகிலுள்ள நலவாழ்வு மையத்திலேயே மாதந்தோறும் மாத்திரை கிடைக்கச் செய்தது. நிலையாக ஓரிடத்தில் வசிப்பவருக்கு இது நல்ல ஏற்பாடு.

லாரி ஓட்டுநருக்கு ‘வீட்டுக்கு அருகில்’ என்பதே பொருளற்ற சொல். நாமக்கல்லில் லோடு ஏற்றிப் புறப்படுபவர் நாக்பூர், டெல்லி, லூதியானா என்று சென்று, திரும்பும் லோடு கிடைக்கும் வரை காத்திருந்து ஊர் வந்து சேர வாரக்கணக்கில் ஆகலாம். மாத்திரை தீர்ந்துபோகும் நாளும் அவர் ஊர் திரும்பும் நாளும் ஒன்றாக அமைவது அபூர்வம். வழியில் தென்படும் மருத்துவமனையில் மொழி தெரியாது. அவருடைய பழைய சீட்டு அங்கே செல்லாது. எல்லாவற்றுக்கும் மேலாக, 40 அடி நீள வண்டியை நகருக்குள் எங்கே நிறுத்துவது? பகல் நேரத்தில் கனரக வாகனங்களுக்குப் பெரும்பாலான நகரங்களில் தடை உண்டு. புறநோயாளிப் பிரிவு இயங்குவதோ பகலில் மட்டுமே.

ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை தரும் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் அட்டை வேறு மாநிலங்களிலும் செல்லும் என்பது இத்தகைய தொழிலாளர்களுக்கு உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் அது உள்நோயாளியாகச் சேர்ந்தால் மட்டும் கைகொடுக்கும் திட்டம். அழுத்த மாத்திரை தொடர்ந்து கிடைக்காமல் பக்கவாதம் வந்த பிறகு அது செலவை ஏற்கும். பக்கவாதம் வராமல் தடுக்கும் மாத்திரைக்கு அதில் இடமில்லை.

இதனுடன் பணிச்சூழலும் சேர்கிறது. கழிப்பிடம் கிடைக்காது என்று தண்ணீரைக் குறைத்துக் குடிப்பது, எஞ்சின் சூட்டில் நாள் முழுவதும் அமர்ந்திருப்பது, நள்ளிரவில் தாபாவில் எண்ணெய் மிகுந்த உணவை உண்டுவிட்டு உடனே ஸ்டீயரிங்கைப் பிடிப்பது ஆகியவை சிறுநீரகக் கல், முதுகுவலி, வயிற்றுப்புண் என்று வெளிப்படுகின்றன. உடல் பருமனால் வரும் உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறு, ஓட்டுநர்களிடம் மிகக் குறைவாகவே கண்டறியப்படும் நோய்களில் ஒன்று. இரவில் எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் பகலில் கண் சொக்கும். காரணம் என்னவென்று அவருக்கே தெரியாது. தூக்கத்தை விரட்ட வட மாநிலங்களில் கசகசாச் செடியின் உலர்ந்த ஓட்டுத் தூளை நாடும் பழக்கம் பழையது. ராஜஸ்தானில் 2016 வரை உரிமம் பெற்ற கடைகளிலேயே அது விற்கப்பட்டது.

பக்கத்து இருக்கை காலியான கதை

இந்தி பேசும் மாநிலங்களில் லாரி உதவியாளரைக் ‘கலாசி’ என்பார்கள். நம் ஊரில் கிளீனர். அவர் ஓட்டுநரை ‘உஸ்தாத்’ என்று அழைப்பார், அதாவது ஆசான். தொழில் கற்கும் மாணவராகவும், இரவில் பேச்சுத் துணையாகவும், ஆசானுக்கு உடல்நிலை சரியில்லாதபோது கஞ்சி காய்ச்சித் தருபவராகவும் அவர் இருந்தார். வாடகை போதவில்லை, கிளீனராக வர இளைஞர்கள் முன்வரவில்லை என்ற இரு காரணங்களால் அந்த இருக்கை மெல்ல மெல்லக் காலியாகி வருகிறது.

விதியும் அதற்கு வழிவிட்டது. தேசிய அனுமதி பெற்ற சரக்கு வாகனங்களில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மத்திய அரசு 2018-இல் நீக்கியது. நடைமுறையில் பலர் பின்பற்றாத விதிதான் அது என்பது உண்மை. ஆயினும் ஏட்டில் இருந்தவரை, இரண்டாவது ஆள் எங்கே என்று கேட்கும் உரிமை ஓட்டுநருக்கு இருந்தது. இன்று காய்ச்சல் வந்தால் அவர் முன் உள்ள வழிகள் இரண்டே: ஒரு பாராசிட்டமால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓட்டுவது, அல்லது உரிமையாளருக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லிவிட்டு மாற்று ஓட்டுநர் வரும் வரை காத்திருப்பது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் அந்த டிரிப்பின் பேட்டா குறையும்; வாடிக்கையாளரிடம் தாமதத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய உரிமையாளர் அடுத்த டிரிப்புக்கு வேறொருவரைத் தேடக்கூடும். பெரும்பாலோர் எதைத் தேர்ந்தெடுப்பர் என்பதை ஊகிக்க ஆய்வு தேவையில்லை.

ஐந்திலிருந்து பத்துக்கு உயர்ந்த வரம்பு

ஓட்டுநர்களின் உடல்நலம் குறித்துச் சட்டம் எதுவும் பேசவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று பணி நேரத்தை வரையறுத்தது. நெடுந்தூர வழித்தடங்களில் அதிகபட்சமாக நாளுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம் வரை அனுமதித்தது. ஓய்வறை, முதலுதவிப் பெட்டி ஆகியவற்றோடு, வண்டிகள் நின்று செல்லும் இடங்களில் மருத்துவ வசதியும் முதலாளி செய்து தர வேண்டும் என்று அது கூறியது. இன்று படித்தாலும் அதில் குறை சொல்ல அதிகமில்லை.

குறை வேறோர் இடத்தில் இருந்தது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு மட்டுமே அச்சட்டம் பொருந்தியது. இந்தியாவின் லாரிகளில் பெரும்பகுதி ஓரிரண்டு வண்டிகள் மட்டும் வைத்திருப்போருக்குச் சொந்தமானது. ஆகவே சட்டம் எழுதப்பட்டது ஒரு துறைக்கு. பொருந்தியது அதன் ஒரு மூலைக்கு.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்றான தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் தொகுப்பில் இந்தப் பழைய சட்டம் இணைக்கப்பட்டுவிட்டது. புதிய தொகுப்பில் போக்குவரத்து நிறுவனத்துக்கான வரம்பு 10 தொழிலாளர்கள். ஐந்து பேர் என்பதே உயரமான படியாக இருந்த துறையில் அந்தப் படி இரு மடங்கு உயர்த்தப்பட்டுள்ளது. அதே தொகுப்புகளின் கீழ் 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை என்று மத்திய அரசு அறிவித்திருப்பது வரவேற்கத்தக்க மாற்றம். அந்தப் பரிசோதனைக்கு அழைக்க வேண்டிய முதலாளி யார் என்ற கேள்விக்கு, ஒற்றை லாரி உரிமையாளரிடம் டிரிப் கணக்கில் வேலை செய்யும் ஓட்டுநரின் வாழ்க்கையில் தெளிவான விடை இல்லை.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில், அதாவது இஎஸ்ஐயில், சேர்ந்திருப்பவருக்கு நோய் என்பது வருமானம் முற்றிலும் நின்றுபோகும் நிகழ்வு அல்ல. மாத ஊதியம் ரூ.21,000 வரை பெறுவோர் அதில் சேரலாம். நோயுற்றால் ஆண்டுக்கு 91 நாள்கள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ரூ.18,000 ஊதியம் பெறும் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ரூ.420. காசநோயோ முதுகெலும்பு அறுவைச் சிகிச்சையோ இரண்டு மாதம் வீட்டில் கிடத்தினால், அடுப்பு அணையாமல் காக்கப் போதுமான தொகை இது. ஆனால் திட்டம் நிறுவனத்தின் வழியே வருகிறது. 10 பேர் இல்லாத நிறுவனத்துக்கு அது கட்டாயமில்லை. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் இணையதளத்தில் 30 கோடிக்கும் மேற்பட்டோர் பதிவு செய்துள்ளனர். பதிவு ஓர் அடையாளத்தைத் தருகிறது. நோயுற்ற நாளின் கூலியைத் தருவதில்லை.

சொந்த லாரி வைத்து ஓட்டுபவரின் நிலை ஒருவகையில் இன்னும் கடினம். அவர் முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே. 2018 முதல் வாகனக் காப்பீட்டில் உரிமையாளர்-ஓட்டுநருக்கு ரூ.15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. அது விபத்துக்கு மட்டுமே. வண்டி கவிழ்ந்து இறந்தால் குடும்பத்துக்குப் பணம் வரும்; வண்டியை ஓரங்கட்டிவிட்டு மாரடைப்பால் இறந்தால் வராது. நிமியாகாட் ஓட்டுநரின் குடும்பம் வழக்காட ஒரு முதலாளியாவது இருந்தார். இவருக்கு எதிர்த்தரப்பே இல்லை. வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும் செலுத்த வேண்டிய மாதத் தவணை மட்டும் அப்படியே இருக்கும். ஆண்டுக்கு ரூ.436 செலுத்தினால் எந்தக் காரணத்தால் இறந்தாலும் ரூ.2 லட்சம் தரும் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு இத்தகையோருக்கு ஓரளவு பொருந்தும். தொகை சிறியதுதான், ஆனால் விபத்தா, நோயா என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லை.

‘தெரிந்தே’ என்ற ஒரு சொல்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 186-ஆவது பிரிவு, பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய நோயோ குறைபாடோ தமக்கு இருப்பதைத் தெரிந்தே வாகனம் ஓட்டுபவருக்கு அபராதம் விதிக்கிறது. முதல் முறை ரூ.1,000, அடுத்த முறை ரூ.2,000. தொகை பெரிதல்ல. சட்டங்களை மொழிபெயர்க்கும்போது எளிதாகக் கடந்துபோகும் ‘தெரிந்தே’ என்ற சொல்தான் இங்கே முழுச் சுமையையும் தாங்குகிறது. பரிசோதனை செய்துகொள்ளாதவருக்கு எதுவும் தெரியாது. ஆகவே குற்றமும் இல்லை. பரிசோதனை செய்துகொண்டு தமக்கு நீரிழிவு என்று அறிந்தவர், ஒருநாள் சர்க்கரை தாழ்ந்து மயங்கினால், அறிந்திருந்தும் ஓட்டியவர் ஆகிறார். நோயை அறியாமல் இருப்பதே பாதுகாப்பு என்று ஓட்டுநர் கருதும்படி இந்தச் சொல் செய்துவிடக் கூடும். உடல்நிலை சரியில்லாதவரை ஓட்டச் சொன்ன உரிமையாளரைப் பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை.

தண்டனை குறித்த அச்சம் வெறும் கற்பனை அல்ல என்பதை 2024 ஜனவரி தொடக்கத்தில் நாடு பார்த்தது. விபத்தை ஏற்படுத்திவிட்டுத் தகவல் தெரிவிக்காமல் தப்பிச் செல்வோருக்கு 10 ஆண்டு வரை சிறை என்ற பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவை எதிர்த்து ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினர். பல நகரங்களில் பெட்ரோல் நிலையங்கள் முன் வரிசைகள் நீண்டன. அகில இந்திய மோட்டார் போக்குவரத்து காங்கிரஸ் நிர்வாகிகளுடன் உள்துறைச் செயலர் பேசிய பிறகு போராட்டம் தணிந்தது. அதே ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த ஒரு பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. ஓட்டுநர்கள் ஒன்றுசேர்ந்து நின்றால் எவ்வளவு விரைவாகச் செவிசாய்க்கப்படுகிறது என்பதற்கு அந்த இரண்டு நாள்கள் சான்று. ஆனால் இரத்த அழுத்தத்துக்காகவோ ஓய்வறைக்காகவோ அத்தகைய போராட்டம் ஒன்று இதுவரை நடந்ததில்லை.

முன்பு ஒருமுறை மருத்துவம் சாலைக்கு வந்தது

நெடுஞ்சாலையில் ஓட்டுநர்களைத் தேடி மருத்துவம் சென்ற முன்னுதாரணம் நம்மிடம் உண்டு. எச்ஐவி பரவலைத் தடுக்க, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு நெடுந்தூர ஓட்டுநர்களைச் சிறப்புக் கவனம் தேவைப்படும் பிரிவினராகக் கொண்டது. கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியில் 2003-இல் தொடங்கிய திட்டத்தின் கீழ், லாரிகள் குவியும் போக்குவரத்து நகர்களில் ‘குஷி’ என்ற பெயரில் மருத்துவமனைகள் திறக்கப்பட்டன. ஓட்டுநர் எந்த ஊரில் இருந்தாலும் அதே பெயர்ப் பலகையைக் கண்டு உள்ளே வரலாம் என்பதே அதன் அமைப்பு. லாரித் தொழிலின் தலைநகரங்களில் ஒன்றான நாமக்கல் அந்த ஆண்டுகளில் எச்ஐவியால் பட்ட துயரம் தமிழ் வாசகர்கள் அறிந்ததே.

அந்த முயற்சிக்கு ஒரு குறையும் உண்டு. ஓட்டுநர் அங்கே நோயாளியாகப் பார்க்கப்பட்டதைவிட, நோயைப் பிறருக்குக் கொண்டு செல்பவராகவே பார்க்கப்பட்டார். அவரால் சமூகத்துக்கு ஆபத்து என்றபோது சாலையோரம் மருத்துவர் வந்தார். ஆபத்து அவருடைய இதயத்துக்கு மட்டும் என்றபோது அதே வேகம் இல்லை. இந்த ஒப்பீடு சற்றுக் கடுமையாகத் தோன்றலாம். செலவிடப்பட்ட நிதியின் திசை அப்படித்தான் சொல்கிறது.

கண் நலத்தில் மட்டும் அந்த அனுபவம் ஓரளவு பயன்படுத்தப்பட்டுள்ளது. சைட்சேவர்ஸ் இந்தியா அமைப்பு 2017 முதல் நடத்திவரும் ‘ராஹி’ திட்டத்தில், ஓரிடத்தில் கண் பரிசோதனை செய்துகொள்ளும் ஓட்டுநர், தம் பயண வழியில் உள்ள வேறோர் இடத்தில் கண்ணாடியைப் பெற்றுக்கொள்ளலாம். நோயாளி நகர்ந்துகொண்டே இருப்பார் என்பதை ஏற்றுக்கொண்டு வடிவமைக்கப்பட்ட சேவை இது. இரத்த அழுத்த மாத்திரைக்கும் இதே முறையைக் கையாள்வதில் தொழில்நுட்பத் தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. டெல்லியில் பதிவான நோயாளி நாக்பூரில் மாத்திரை பெற வேண்டும், தேவை அவ்வளவே.

படுக்கைகள் 4,611

மத்திய அரசின் அண்மை நடவடிக்கைகளைக் குறைத்து மதிப்பிட இயலாது. 3.5 டன்னுக்கு மேற்பட்ட புதிய லாரிகளின் ஓட்டுநர் அறைக்கு ஏசி கட்டாயம் என்ற விதி 2025-இல் நடைமுறைக்கு வந்தது. மே மாத வெயிலில் எஞ்சினுக்கு அருகே அமர்ந்து ராஜஸ்தானைக் கடந்தவர்களுக்கு அதன் அருமை புரியும். ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் லட்சக்கணக்கான பழைய வண்டிகளுக்கு இது பொருந்தாது. அவை முற்றிலும் விலக இன்னும் பல கோடைக்காலங்கள் ஆகும்.

விபத்தில் சிக்குவோருக்கு முதல் 7 நாள்களில் ரூ.1.5 லட்சம் வரை கட்டணமில்லாச் சிகிச்சை அளிக்கும் திட்டம் 2025 மே மாதம் அறிவிக்கை செய்யப்பட்டது. இங்கும் சொல் ‘விபத்து’ என்பதே.

பெட்ரோல் நிலையங்களில் ஓட்டுநர்களுக்கு ஓய்விடம் அமைக்கும் ‘அப்னா கர்’ திட்டம் இந்த வரிசையில் முக்கியமானது. ‘நம் வீடு’ என்று மொழிபெயர்க்கலாம். வீட்டை விட்டு வாரக்கணக்கில் பிரிந்திருப்பவரின் ஓய்விடத்துக்கு அந்தப் பெயரைத் தேர்ந்தவர் யாராயினும் சிந்தித்தே தேர்ந்திருக்க வேண்டும். படுக்கை, குளியலிடம், கழிப்பறை, தாமே சமைத்துக்கொள்ளும் வசதி, குடிநீர் ஆகியவை அங்கே உண்டு. 2025 ஜூலை 1 நிலவரப்படி பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் 368 இடங்களில் 4,611 படுக்கைகளை அமைத்திருப்பதாக அரசு தெரிவித்தது. நாட்டின் தேசிய நெடுஞ்சாலைகளின் நீளம் சுமார் 1.46 லட்சம் கிலோமீட்டர். சராசரியாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 400 கிலோமீட்டருக்கு ஓர் ஓய்விடம். 40 லட்சம் லாரிகளுக்கு 4,611 படுக்கைகள் என்றால், 850-க்கும் மேற்பட்ட லாரிகளுக்கு ஒரு படுக்கை. தொடக்கம் நல்லது, தேவையின் அளவு வேறு.

படுக்கை இருந்தாலும் படுக்க நேரம் வேண்டும். சரக்கு குறித்த நேரத்தில் சேர வேண்டும் என்ற நெருக்கடி தளராதவரை, ஓய்விடத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டே வண்டி கடந்துபோகும். வண்டிகளில் இருப்பிடம் காட்டும் கருவிகள் இப்போது பரவலாக உள்ளன. ஒரு வண்டி எத்தனை மணி நேரம் நிற்காமல் ஓடியது என்பதை நொடிக் கணக்கில் அவை பதிவு செய்கின்றன. தாமதத்தைக் கண்டுபிடிக்கப் பயன்படும் அதே தரவு, பணி நேர வரம்பு மீறப்பட்டதா என்பதையும் காட்டும். நிமியாகாட் வழக்கு போன்ற ஒன்று நாளை வந்தால், உழைப்பின் அழுத்தத்துக்குச் சான்று எங்கே என்ற கேள்விக்கு விடை அந்தப் பதிவில் இருக்கும். அதைக் கேட்டுப் பெறும் உரிமை ஓட்டுநரின் குடும்பத்துக்கு உண்டா என்பதைச் சட்டத்தில் வெளிப்படையாக எழுதி வைப்பது, புதிய கட்டடம் எதையும் எழுப்பாமலே செய்யக்கூடிய காரியம்.

சந்தையும் ஒரு செய்தி சொல்லிக்கொண்டிருக்கிறது. 100 லாரிகளுக்கு 75 ஓட்டுநர்களே இருப்பதாக அமைச்சர் கட்கரி குறிப்பிட்டுள்ளார். குடும்பத்தினருக்கோ உறவினருக்கோ இத்தொழிலைப் பரிந்துரைக்க மாட்டோம் என்று 84 சதவீதத்தினர் சொன்னதன் மறுபக்கம் இது. ஆள் பற்றாக்குறை ஊதியத்தை உயர்த்தும் என்று பொருளியல் கூறும். இப்போதைக்கு அது இருக்கிற ஓட்டுநரின் ஓட்ட நேரத்தை நீட்டவே பயன்படுவதாகத் தோன்றுகிறது.

கனரக வாகன ஓட்டுநர் ஒவ்வொருவரும் தவிர்க்க முடியாமல் ஒரு மருத்துவரின் முன் நிற்க வேண்டிய தருணம் ஒன்று உண்டு: உரிமம் புதுப்பிக்கும் நாள். படிவம் 1-ஏ என்ற மருத்துவச் சான்றிதழ் அதற்குத் தேவை. 2019-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்கு முன் அந்த நாள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்தது. இப்போது ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. அலுவலக அலைச்சல் குறைந்தது என்று ஓட்டுநர்கள் மகிழ்ந்த மாற்றம் அது. பார்வை, செவித்திறன், கை கால்களின் இயக்கம் ஆகியவற்றைப் பற்றி அந்தப் படிவம் கேட்கிறது. படிவத்தில் கையெழுத்திடும் மருத்துவர், கூடவே இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து, உரிமத்தைப் பறிப்பதற்காக அல்லாமல் மாத்திரை தொடங்குவதற்காக ஒரு சீட்டு எழுதித் தந்தால், அதற்கு ஆகும் நேரம் சுமார் 10 நிமிடம்.